மிஷின் சிக்கினால் மோட்டாரைத் திட்டாதே!



இந்த முறை நான் கதையும் எழுதவில்லை, கவிதையும் எழுதவில்லை. ஒரு மிஷினைப் பற்றி எழுதுகிறேன். ஓடிக்கொண்டிருந்த மிஷின் திடீரென்று சிக்கிக்கொண்டால் எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் விஷயம். இதில் நான் செய்த ஒரு தப்பும் வருகிறது. சிரிக்காமல் படிக்கவும். (சிரித்தாலும் பரவாயில்லை, முழுசாகப் படிக்கவும்.)

மாமா வீட்டு மிஷின்

என் மாமா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சி.என்.சி. ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்து வந்ததும் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சின்ன அறையில் ஒரு மிஷினோடு உட்கார்ந்துவிடுவார். அது அவரே பாகங்கள் வாங்கிப் பூட்டிய குட்டி சி.என்.சி. மிஷின். நம் வகுப்பு மேஜை அளவுதான் இருக்கும். மரப்பலகையில் பெயர், பூ, மயில் எல்லாம் செதுக்கும். புது வீடு கட்டுகிறவர்கள் பெயர்ப் பலகை கேட்டு வருவார்கள்.

சி.என்.சி. என்றால் கணினி எண் கட்டுப்பாடு. அதாவது கை பிடித்து ஓட்டாமல், எண்களைக் கொடுத்து ஓட்டுவது. ஒன்பதாம் வகுப்பு கணக்கில் ஆயத்தொலை வடிவியல் படிக்கிறோமே, (3, 4) என்று கொடுத்தால் வரைபடத்தாளில் புள்ளி வைக்கிறோமே, அதே வேலைதான். நாம் பென்சிலால் புள்ளி வைக்கிறோம். மிஷின் சுற்றுகிற பிட்டைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைக்கிறது. இடம் வலமாகப் போவது எக்ஸ் அச்சு. முன்னும் பின்னும் போவது ஒய் அச்சு. மேலும் கீழும் போவது இசட் அச்சு. இந்த மூன்றும் சேர்ந்தால் மயில் வந்துவிடும்.

இது நமக்குப் புதுசு என்று நினைக்காதீர்கள். காஞ்சிபுரம் பக்கம் தறி பார்க்காதவர் உண்டா? ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். ஓட்டை இருந்தால் ஒரு கொக்கி மேலே போகும், இல்லாவிட்டால் போகாது. அட்டை சொல்வதைத் தறி கேட்கிறது. பிரான்ஸ் நாட்டில் பட்டுக்குப் பேர்போன லியோன் நகரத்துக்காரர் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்தது இது. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனையை வைத்து, மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952-இல் எண்ணால் ஓடும் முதல் மில்லிங் மிஷினை ஓட்டிக் காட்டினார்கள். அதற்கும் எண்களை ஓட்டை போட்ட காகித நாடாவில்தான் கொடுத்தார்கள்! எங்கள் தாத்தா 40 வருஷம் தறி நெய்தவர். மாமாவின் மிஷினைப் பார்த்துவிட்டு, "அட்டை இல்லாத ஜக்கார்டு" என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

அது எப்படி நகருகிறது?

கோளாறு புரிய வேண்டுமானால் முதலில் இது புரிய வேண்டும். எக்ஸ் அச்சை மட்டும் சொல்கிறேன். மற்ற இரண்டும் அதே மாதிரிதான்.

ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வழவழப்பான இரும்புக் கம்பிகள் இடமிருந்து வலமாகப் போகின்றன. இரண்டு ஓரத்திலும் ஹோல்டர் வைத்து போல்ட் போட்டுப் பிடித்திருக்கும். அந்தக் கம்பிகள் மேல் ஒரு 'வண்டி' ஓடும். (அதன் சரியான பெயர் கேரேஜ். நான் வண்டி என்றே எழுதுகிறேன்.) வண்டிக்குள் 4 பேரிங்குகள். ஒவ்வொரு பேரிங்குக்குள்ளும் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். அவை கம்பிமேல் உருளும்.

வண்டியைத் தள்ளுவது ஒரு நீளமான மரையுள்ள கம்பி. இதை லீட் ஸ்க்ரூ என்பார்கள். நம் ஆய்வகத்தில் இருக்கும் திருகு அளவியைப் பெரிதாக்கி நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். அது ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 8 மில்லிமீட்டர் நகரும். அதைச் சுற்றுவது ஸ்டெப்பர் மோட்டார். ஃபேன் மோட்டார் மாதிரி இது சர்ரென்று சுற்றாது. அடி அடியாக எடுத்து வைக்கும். 200 அடி வைத்தால் ஒரு சுற்று. அப்படியானால் ஒரு அடிக்கு எவ்வளவு?

8 ÷ 200 = 0.04 மில்லிமீட்டர்.

பார்த்தீர்களா, ஒரு தலைமுடி தடிமனுக்கும் குறைவாக இருக்கலாம்! ஆனால் இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. மாமா கம்பெனியில் இருக்கும் பெரிய மிஷின்களில், "நான் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்" என்று மோட்டாரே திருப்பிச் சொல்லும் கருவி உண்டு. இந்தக் குட்டி மிஷினில் அது கிடையாது. கணினி "500 அடி வை" என்று சொல்லும். வைத்தானா என்று பார்க்காது. வைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவர் மாதிரி. வழியில் யாராவது பிடித்து நிறுத்தினால், எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே தெரியாது.

என்ன நடந்தது?

போன மார்கழி. பொங்கலுக்குப் பத்து நாள்கூட இல்லை. தை பிறந்ததும் கிரகப்பிரவேசம் வைத்திருந்த ஒருவர் "அன்னை இல்லம்" என்று தேக்குப் பலகையில் கேட்டிருந்தார். முன்பணமும் கொடுத்துவிட்டார். விடியற்காலை மாமா மிஷினைப் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே தடவையில் ஆழமாகச் செதுக்கினால் பிட் உடைந்துவிடும். அதனால் முதல் சுற்றில் கொஞ்சம், இரண்டாம் சுற்றில் இன்னும் கொஞ்சம் என்று போகும். முதல் சுற்று அழகாக வந்தது. இரண்டாம் சுற்று ஆரம்பிக்க வண்டி இடது ஓரத்துக்குத் திரும்பியது. அப்போது "கர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது, மோட்டார் மட்டும் நடுங்கியது. ஓரத்துக்கு வந்துவிட்டதாகக் கணினி நினைத்துக்கொண்டு செதுக்க ஆரம்பித்துவிட்டது. மாமா ஓடிவந்து நிறுத்துவதற்குள் எழுத்தெல்லாம் சுமார் 6 மில்லிமீட்டர் வலது பக்கம் தள்ளி, ரெண்டு ரெண்டாக ஆகிவிட்டது. கண்ணாடி போடாமல் தாத்தா பேப்பர் படித்தால் எப்படித் தெரியுமோ அப்படி! கணக்குப் போட்டால் 6 ÷ 0.04 = 150. சுமார் 150 அடியை மிஷின் வைக்காமலே வைத்ததாக நினைத்திருக்கிறது.

நல்ல தேக்குப் பலகை வீணாய்ப் போனது. மாமா ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மோட்டாருக்குப் பலம் போதவில்லையா?

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "மோட்டாருக்குப் பவர் பத்தலை" என்றார்கள். மாமாவும் மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கூட்டி வைத்தார். அரைமணி நேரத்தில் மோட்டார் தொட முடியாத அளவு சுட்டது. மோட்டாரை ஓட்டும் சின்னப் பலகையும் சூடாகி நடுவில் நின்றது. அதிகம் சூடானால் தானே நின்றுகொள்ளும்படி அதைச் செய்திருப்பார்களாம். இடது ஓரத்தில் சத்தம் மட்டும் போகவில்லை. கடைசியில் பெரிய மோட்டாரே வாங்கிவிடலாம் என்று விலை விசாரித்துவிட்டார். பெரிய மோட்டார் வாங்கினால் அதற்கேற்ற பவர் சப்ளையும் மாற்ற வேண்டும். வந்த முன்பணம் போதாது.

தாத்தாதான் தறிக் குழியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "சிக்கின தறிய இழுக்கக்கூடாதுப்பா. இழுத்தா பாவு அறுந்துபோவும். எங்க சிக்குதுன்னு பாரு, அத எடுத்து விடு. தானா ஓடும்."

மாமா யோசித்தார். "சரி, மோட்டார் வாங்கறது இருக்கட்டும். முதல்ல எங்க புடிக்குதுன்னு பாப்போம். பாப்பா, நோட்டு எடுத்துட்டு வா" என்றார்.

நீங்களே செய்து பாருங்கள்: தீப்பெட்டிச் சோதனை

ஒரு பொருள் ஏன் சிக்குகிறது? இதைத் தெரிந்துகொள்ள ஒரு தீப்பெட்டி போதும்.

உள்தட்டைப் பாதி வெளியே இழுத்து வையுங்கள். இப்போது அதன் நடுவில் விரல் வைத்து உள்ளே தள்ளுங்கள். சுலபமாகப் போகும். மறுபடி இழுத்து, இந்த முறை ஒரு மூலையில் மட்டும் விரல் வைத்துத் தள்ளுங்கள். தட்டு கோணலாகி, எதிர் எதிர் மூலையில் சுவரைக் கடித்துக்கொள்ளும். பலமாகத் தள்ளினால் இன்னும் இறுக்கமாகக் கடிக்கும். கடைசியில் அட்டை மடங்கும், தட்டு போகாது. எங்கள் வீட்டு மேஜை டிராயரும் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் இதைத்தான் செய்கிறது.

இன்னும் ஒன்று கவனியுங்கள். தட்டு பெரும்பாலும் உள்ளே இருக்கும்போது சிக்குவது குறைவு. கொஞ்சம்தான் உள்ளே இருக்கிறது என்றால் உடனே சிக்கும். பிடிப்பு நீளமாக இருந்தால் கோணல் ஆகாது, குறைவாக இருந்தால் கோணல் ஆகும். இதற்குப் பொறியாளர்கள் ஒரு பொதுவிதி வைத்திருக்கிறார்கள். முன் பேரிங்குக்கும் பின் பேரிங்குக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் பக்கவாட்டில் தள்ளி நின்று இழுத்தால் வண்டி சிக்கும்.

கம்பிகள் இரண்டும் இணையாக இல்லாவிட்டாலும் இதே கதைதான். இணைகோடுகள் எவ்வளவு தூரம் போனாலும் சம இடைவெளியில் இருக்கும் என்று கணக்கில் படித்தோம். அந்த இடைவெளி மாறினால் வண்டி என்ன செய்யும்? அதன் பேரிங்குகள் நகராதே! கம்பி வளைந்து கொடுத்தால் போகும். கம்பியின் நடுப்பகுதி கொஞ்சம் வளையும். ஹோல்டர் பிடித்திருக்கும் ஓரத்தில் வளையாது. அதனால் நடுவில் ஓடும், ஓரத்தில் சிக்கும்.

என் தப்பு

இப்போது சொல்லிவிடுகிறேன். சத்தம் வந்ததற்கு இரண்டு நாள் முன்னால் மாமா என்னிடம், "கம்பியைத் துடைச்சு எண்ணெய் விட்டு வை" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார். தையல் மிஷின் எண்ணெய் தீர்ந்து போயிருந்தது. கடைக்குப் போகச் சோம்பல். எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டேன்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் எண்ணெய் பாட்டில் வெள்ளையாகக் கட்டிக்கொண்டு, அம்மா வெயிலில் வைப்பார்கள் அல்லவா? அதேதான் பேரிங்குக்குள்ளும் நடந்திருக்கிறது. அதோடு மரத்தூள் சேர்ந்து பசை மாதிரி ஆகிவிட்டது. காலையில் மிஷின் இறுக்கமாக இருந்தது, மத்தியானம் கொஞ்சம் பரவாயில்லை என்று மாமா சொன்னபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் வாய் திறக்கவில்லை. பெரிய மோட்டார் வாங்கப் போகிறேன் என்றபோதும் பேசாமல் இருந்தேன். நோட்டு எடுத்து வந்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னேன்.

மாமா திட்டுவார் என்று நினைத்தேன். "இத முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு நாள் மிச்சம் ஆகியிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதை விட அதிகமாக உறைத்தது.

ஒவ்வொன்றாகக் கழற்று

நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினோம்.

2. லீட் ஸ்க்ரூவைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். எங்கே இறுக்கம், எங்கே லேசு என்று ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதினேன். எல்லா இடத்திலும் கொஞ்சம் இறுக்கம். இடது ஓரத்து 5 சென்டிமீட்டரில் ரொம்ப இறுக்கம்.

3. பேரிங்குகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, துடைத்து, உலரவிட்டோம். பழுப்பு நிறத்தில் களிம்பு மாதிரி வந்தது. (எனக்கு வெட்கமாக இருந்தது.) தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மறுபடி பூட்டினோம். இப்போது நடுவில் வழுக்கிக்கொண்டு போனது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் இடது ஓரத்தில் இன்னும் சிக்கியது!

இங்கேதான் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரு கோளாறைக் கண்டுபிடித்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கலாம்.

4. லீட் ஸ்க்ரூவின் நட்டை வண்டியில் பிடித்திருக்கும் 4 சின்ன போல்ட்டுகளைக் கழற்றினோம். இப்போது வண்டிக்கும் ஸ்க்ரூவுக்கும் சம்பந்தம் இல்லை. கையால் தள்ளினால் வண்டி எங்கேயும் லேசாகப் போக வேண்டும். போனால் கோளாறு ஸ்க்ரூவில். போகாவிட்டால் கோளாறு கம்பியில். இடது ஓரத்தில் போகவில்லை. ஆக, ஸ்க்ரூவும் மோட்டாரும் குற்றவாளிகள் இல்லை என்று தெரிந்துவிட்டது.

5. "லேசு, இறுக்கம் என்று கையால் சொன்னால் போதாது, அளக்க வேண்டும்" என்று எனக்குத் தோன்றியது. அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை வில் தராசைக் கொடுத்து, "உடைக்காம திங்கட்கிழமை கொண்டு வா" என்றார்கள். (டீச்சர், மிக்க நன்றி!) வண்டியில் அதைக் கோர்த்து இழுத்தோம். நடுவில் 2 நியூட்டன் காட்டியது. இடது ஓரத்தில் 10 நியூட்டன் கோட்டையும் தாண்டி முள் இறங்கிவிட்டது.

6. கடைசியாக இரண்டு கம்பிகளின் வெளிவிளிம்புக்கு இடையே உள்ள தூரத்தை வெர்னியர் அளவியால் அளந்தோம். மாமா என்னையே அளக்கச் சொன்னார். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் படித்தது ஞாபகம் வந்தது. சுழிப்பிழை இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இல்லை.

வலது ஓரம்: முதன்மைக்கோல் 7.2 செ.மீ., வெர்னியர் ஒன்றிப்பு 0. ஆக 7.20 செ.மீ.

இடது ஓரம்: முதன்மைக்கோல் 7.2 செ.மீ., வெர்னியர் ஒன்றிப்பு 7. மீச்சிற்றளவு 0.01 செ.மீ. ஆக 7.2 + (7 × 0.01) = 7.27 செ.மீ.

வித்தியாசம் 0.07 செ.மீ., அதாவது 0.7 மில்லிமீட்டர். ஒரு ரூபாய்க் காசின் பாதித் தடிமன் அளவுதான். ஆனால் பேரிங்குக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தலைமுடி அளவுகூட இல்லை. அவ்வளவு சின்ன இடத்தில் 0.7 மில்லிமீட்டர் என்பது மலை மாதிரி!

நான் மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் 7.27தான். மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "போன மாசம் சுத்தம் பண்றதுக்கு இடது பக்க ஹோல்டரைக் கழட்டினேன். திரும்பப் பூட்டும்போது வண்டி வலது பக்கம் இருந்தது. அப்படியே முடுக்கிட்டேன்" என்றார். ஆக, ஆளுக்கு ஒரு தப்பு!

சரி செய்தது எப்படி?

தட்டியோ கம்பியை வளைத்தோ எதையும் செய்யவில்லை. இடது ஹோல்டரின் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தினோம். வண்டியை இடது ஓரத்துக்கே தள்ளிக்கொண்டு போனோம். கம்பிகள் தளர்ந்து இருப்பதால், வண்டியின் பேரிங்குகள் தங்களுக்கு எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அந்த இடத்துக்குக் கம்பிகளைத் தாமே கொண்டுவந்துவிட்டன. வண்டி அங்கே இருக்கும்போதே போல்ட்டுகளை முடுக்கினோம். ஒரே போல்ட்டை முழுசாக முடுக்காமல், சைக்கிள் கடைக்காரர் செய்வது போல எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். நடுநடுவே வண்டியைத் தள்ளிப் பார்த்தோம். லீட் ஸ்க்ரூ நட்டைத் திரும்பப் பூட்டும்போதும் இதே முறைதான்: வண்டியை மோட்டார் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டு முடுக்கினோம்.

வில் தராசை மறுபடி கோர்த்தேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை 2, 3 நியூட்டன்தான். கூட்டி வைத்திருந்த கரண்டை மாமா பழையபடி குறைத்தார். மோட்டார் சுடவே இல்லை. பழைய மோட்டார், பழைய பலம், ஆனால் வண்டி ஓடியது.

உடனே தேக்கில் செதுக்கவில்லை. பிட்டை எடுத்துவிட்டு ஒரு பேனாவைக் கட்டினோம். காகிதத்தில் ஒரே சதுரத்தை 10 தடவை வரையச் சொன்னோம். நிறைய அடி தவறினால் கோடு தடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். 10 தடவைக்குப் பிறகும் ஒரே ஒரு சதுரம் வரைந்த மாதிரிதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் புதுப் பலகை வைத்தோம். "அன்னை இல்லம்" பொங்கலுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தது.

நினைவில் வைக்க ஒரு பட்டியல்

சிக்குவதிலேயே பல வகை. எப்படிச் சிக்குகிறது என்று கவனித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். மாமா சொல்லச் சொல்ல எழுதியது இது.

எப்போதும் ஒரே ஓரத்தில் சிக்கினால்: கம்பிகள் அங்கே இணையாக இல்லை.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால்: அழுக்கு, தப்பான எண்ணெய், அல்லது போல்ட் அளவுக்கு மேல் முடுக்கியது.

8 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை, அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, இறுகி இறுகித் தளர்ந்தால்: லீட் ஸ்க்ரூ வளைந்திருக்கிறது, அல்லது மோட்டாரும் ஸ்க்ரூவும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை.

மெதுவாகப் போனால் நன்றாக ஓடி, வேகமாகப் போனால் மட்டும் நின்றால்: மோட்டாரால் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. வேகத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

எதையும் செதுக்காமல் ஓடவிட்டால் சரியாக ஓடி, மரத்தில் வைத்தால் நின்றால்: பிட் மழுங்கிவிட்டது, அல்லது ஒரே தடவையில் ஆழமாகச் செதுக்குகிறோம்.

கையால் தள்ளினால் லேசாகப் போய், கரண்டில் மட்டும் நடுங்கி நின்றால்: ஒயர் தளர்ந்திருக்கலாம். இந்த ஒரு வகையில்தான் மோட்டார் பக்கம் முதலில் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை!

* மிஷினில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, யாராவது தெரியாமல் போட்டுவிடலாம்.
* கரண்ட் இருக்கும்போது ஸ்டெப்பர் மோட்டாரின் ஒயரைக் கழற்றக்கூடாது. அதை ஓட்டும் பலகை எரிந்துவிடும்.
* மோட்டாரைக் கையால் வேகமாகச் சுற்றக்கூடாது. சைக்கிள் டைனமோ மாதிரி அதுவே மின்சாரம் உண்டாக்கிப் பலகைக்கு அனுப்பும். மெதுவாகச் சுற்ற வேண்டும்.
* பெண்கள் துப்பட்டாவையும் சடையையும் கட்டிக்கொண்டுதான் பக்கத்தில் போக வேண்டும். கண்ணாடியும், தூசியைத் தடுக்கும் முகக்கவசமும் கட்டாயம். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.
* மண்ணெண்ணெயைப் பெரியவர்கள் இருக்கும்போது மட்டும், அடுப்புக்குத் தூரமாக வைத்துப் பயன்படுத்த வேண்டும்.

முடிவாக

பக்கத்து வீட்டுப் பாட்டி, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த இரும்பு வேல?" என்று கேட்டார்கள். தாத்தா தறியை விட்டு எழுந்திருக்காமலே, "அளந்து சொன்னவ அவதான்" என்று பதில் சொன்னார். எனக்கு அது போதும்.

வீணான அந்தப் பழைய தேக்குப் பலகையைத் தூக்கிப் போடவில்லை. நான் கேட்டு வாங்கி, படிக்கும் இடத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். ரெண்டு ரெண்டாகத் தெரியும் அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, ஓடாத பொருளைப் பலமாகத் தள்ளுவதற்கு முன், அதை எது பிடித்திருக்கிறது என்று பார். இன்னொன்று, தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. மறைத்த தப்பும் பேரிங்குக்குள் உறைந்த எண்ணெய் மாதிரிதான். வெளியே தெரியாது, ஆனால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

தோழர்களே, தோழிகளே! தீப்பெட்டிச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சிக்குகிற டிராயர், இறுகிய ஜன்னல், நடுவில் நிற்கும் தையல் மிஷின் ஏதாவது இருந்தால், எங்கே சிக்குகிறது என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். இழுப்பது அப்புறம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மாகறல்.